இரத்தத்தில் கேண்டிடா: எல்லோருக்கும் கண்ணைப் பார்ப்பதா, புகார் சொன்னால் மட்டும் பார்ப்பதா?

பிளட் கல்சரில், அதாவது இரத்தத்தை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்று லேபிலிருந்து போன் வந்தால், அன்றைக்கு நடப்பவற்றில் பெரிய தகராறு எதுவும் இருக்காது. பூஞ்சை மருந்து உடனே தொடங்கும், பெரிய இரத்தக் குழாயில் போட்டிருக்கும் சென்ட்ரல் லைன் என்ற குழாயை எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள், கல்சரைத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். தகராறு மறுநாள் வரும். யாராவது ஒருவர் கேஸ் ஷீட்டில் "கண் மருத்துவர் பார்க்கவும்" என்று எழுதிவைப்பார். கண் பிரிவிலிருந்து, "பார்வையில் ஏதாவது புகார் உண்டா?" என்று திரும்பக் கேட்பார்கள். நோயாளியோ வென்டிலேட்டரில், தூக்க மருந்தில் கிடக்கிறார். அவர் எங்கே புகார் சொல்வது?

இந்தச் சின்ன இழுபறிக்குப் பின்னால் இரண்டு பெரிய சங்கங்கள் எதிரெதிராக நிற்கின்றன. அமெரிக்கத் தொற்றுநோய் சங்கம் 2016-இல் வெளியிட்ட கேண்டிடா வழிகாட்டுதல், இரத்தத்தில் கேண்டிடா இருக்கும் எல்லோருக்கும், நோய் தெரிந்த முதல் வாரத்துக்குள், கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறது. முடிந்தால் கண் மருத்துவரே பார்க்க வேண்டுமாம். அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2021-இல் இதற்கு நேர் எதிராக, எல்லோரையும் வழக்கமாகப் பார்ப்பது தேவையில்லை, கண் தொற்றுக்கான அறிகுறியோ புகாரோ இருந்தால் கூப்பிடுங்கள் என்றது. ஒரே நாடு, ஒரே நோய், இரண்டு பதில். இரண்டு பக்கமும் தங்களுக்கு ஆதாரம் இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள், இருக்கவும் இருக்கிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பூஞ்சை கண்ணுக்குள் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்று இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிய ஒரு படலம் உண்டு. உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் இரத்த ஓட்டம் மிக அதிகமான இடங்களில் அது ஒன்று. இரத்தத்தில் மிதக்கும் ஈஸ்ட் அங்கே போய்ச் சிக்குகிறது, அங்கிருந்து விழித்திரைக்குள் பரவுகிறது. உள்ளே பார்த்தால் பஞ்சு மாதிரி, வெளிறிய வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இந்தக் கட்டத்துக்குப் பெயர் கோரியோரெடினைட்டிஸ். அதையும் உடைத்துக்கொண்டு, கண்ணை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லிக்குள் நுழைந்துவிட்டால் அது எண்டோஃப்தால்மைட்டிஸ். அப்போது சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் முத்துமாலை கோத்தது போல ஜெல்லிக்குள் வரிசையாக நிற்கும். பார்வை போவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், ஆனால் முதல் கட்டத்திலேயே மாக்குலாவில், அதாவது பார்வையின் நடுப்புள்ளியில் ஒரு புள்ளி விழுந்தால் அதுவும் போதும்.

இந்த இரண்டு கட்டங்களையும் பிரித்து வைத்துக்கொள்ளாமல் இந்த வாதத்தில் இறங்கினால் குழம்பிவிடுவோம், ஏனென்றால் இரண்டு பக்கமும் வீசும் எண்கள் வேறு வேறு பொருள்களை எண்ணியவை.

1980-களின் சில சிறிய ஆய்வுகளில், இரத்தத்தில் கேண்டிடா இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குக் கண் பாதிப்பு இருந்ததாக எழுதினார்கள். எல்லோரையும் பார் என்ற வழக்கம் அந்தக் காலத்து அச்சத்திலிருந்து வந்தது. அது ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து சந்தைக்கு வராத காலம். அந்த மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1990-இல். அப்புறம் 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 370 பேரில் 60 பேருக்கு, அதாவது சுமார் 16 சதவீதத்தினருக்கு, கண்ணில் கேண்டிடா என்று சந்தேகிக்கும்படி ஏதோ இருந்தது. ஆனால் எண்டோஃப்தால்மைட்டிஸ் வந்தவர்கள் 6 பேர்தான், 1.6 சதவீதம். கண் அகாடமி எடுத்துக்கொண்ட தொகுப்பாய்வில் இது 1 சதவீதத்துக்கும் கீழே. ஆக, "ஆறில் ஒருவருக்குக் கண் பாதிப்பு" என்பவரும் "நூறில் ஒருவருக்குக்கூட இல்லை" என்பவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் விழித்திரையில் தெரிந்த புள்ளிகளை எண்ணுகிறார், மற்றவர் ஜெல்லிக்குள் பூஞ்சை இறங்கியதை எண்ணுகிறார்.

கண் மருத்துவர்கள் பக்கத்து வாதத்தை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐ.சி.யூ. ஆட்கள் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சோம்பல் இல்லை. ஐ.சி.யூ.வில் கிடக்கும் ஒருவரின் விழித்திரையில் வெள்ளைப் புள்ளியும் இரத்தக் கசிவும் தெரிய ஆயிரம் காரணம் உண்டு: சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கடுமையான இரத்தசோகை, தட்டணுக் குறைவு, இரத்தத் தொற்றே கூட. பஞ்சுப் பொதி போன்ற புள்ளிகள் இதில் எல்லாவற்றிலும் வரும். சொன்ன 60 பேரிலும் எல்லோருக்கும் உறுதியாகக் கேண்டிடாதான் என்று சொல்லிவிட முடியாது, ஒரு பகுதியினருக்கு "இருக்கலாம்" என்ற அளவுதான். அந்த "இருக்கலாம்" கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அதைக் கீழே இறக்குவது கஷ்டம். இரண்டு வாரத்தில் முடிய வேண்டிய மருந்து ஆறு வாரமாக நீளும். நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தை நிறுத்திவிட்டு, கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடிய, இதயத் துடிப்பின் கியூ.டி. இடைவெளியை நீட்டக்கூடிய, பாதி மருந்துகளோடு மோதக்கூடிய வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு மாற்றுவார்கள். மிக மோசமாகப் போனால், தொற்றே இல்லாத கண்ணுக்குள் ஊசி போகும்.

இன்னொன்று: விரிக்கும் சொட்டு மருந்து ஒன்றும் இனாம் கிடையாது. ட்ரோபிகமைடு போட்டால் பல மணி நேரத்துக்குக் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. தலையில் அடிபட்டவருக்கு, மூளை வீக்கம் உள்ளவருக்கு, அந்தக் கண்மணிகளைத்தான் மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொட்டு போட்ட நேரத்தைச் சார்ட்டில் பெரிதாக எழுதாமல் போய்விட்டால், இரவு ஷிப்டில் ஒருவர் விரிந்த கண்மணியைப் பார்த்துப் பதறி ஸ்கேனுக்கு ஓடுவார்.

அவர்களின் கடைசி வாதம்தான் வலுவானது. விழித்திரையில் மட்டும் நிற்கும் புள்ளிகளில் பெரும்பாலானவை உடம்புக்குக் கொடுக்கும் மருந்திலேயே ஆறிவிடுகின்றன, அந்த மருந்தை எப்படியும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், பிறகு பார்த்து என்ன ஆகப்போகிறது?

இங்கேதான் நான் பிரிகிறேன். "அந்த மருந்து" எது?

2016 வழிகாட்டுதல்படி இரத்தத்தில் கேண்டிடா என்றால் முதலில் தொடங்குவது எக்கினோகேண்டின் வகை: காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின். இரத்தத்தில் இவை பிரமாதமாக வேலை செய்கின்றன, பக்கவிளைவும் குறைவு. ஆனால் இவை பெரிய மூலக்கூறுகள், இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிபவை, விட்ரியஸுக்குள் போதிய அளவில் இறங்குவதில்லை. கோராய்டில் சிக்கியதை ஓரளவு அடிக்கலாம், ஜெல்லிக்குள் போனதை அடிக்காது. ஃப்ளூகோனசோல் அப்படியில்லை, இரத்தத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம் விட்ரியஸிலும் இருக்கும். வோரிகோனசோல் சுமார் 40 சதவீதம். நான் சொன்ன அந்த 370 பேர் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு வோரிகோனசோல், இன்னொரு பிரிவினருக்கு ஆம்ஃபோடெரிசினில் தொடங்கிப் பிறகு ஃப்ளூகோனசோல். அதாவது 1.6 சதவீதம் என்ற அந்த ஆறுதலான எண், கண்ணுக்குள் இறங்கும் மருந்து வாங்கியவர்களிடம் எடுத்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து, கண்ணுக்குள் இறங்காத மருந்தில் இரண்டு வாரம் இருக்கப்போகிறவருக்கு நீட்டினால், கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

கால அளவிலும் அதே கதை. கண்ணிலோ வேறு உறுப்பிலோ எதுவும் இல்லையென்றால், கல்சர் சுத்தமான நாளிலிருந்து 14 நாள். கண்ணில் இருந்தால் குறைந்தது 4 முதல் 6 வாரம், அதுவும் புள்ளிகள் ஆறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். பார்க்காமலே 14-ஆம் நாள் நிறுத்தினால், பாதி ஆறிய புள்ளியை நடுவில் விட்டுவிட்டு வந்ததாக ஆகலாம்.

அதனால் "எவ்வளவு பேருக்கு வருகிறது" என்ற கேள்வியைவிட, "பார்த்தால் இவருக்கு மருந்தோ நாளோ மாறுமா, பார்க்காவிட்டால் வேறு வழியில் நமக்குத் தெரியவருமா" என்ற கேள்விதான் எனக்குப் பயன்படுகிறது. இரண்டு நோயாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விழித்திருக்கிறார், பேப்பர் படிக்கிறார், லைனை எடுத்தாகிவிட்டது, அடுத்த கல்சர் சுத்தம், வளர்ந்தது ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படும் ஆல்பிகன்ஸ் வகைக் கேண்டிடா, மாத்திரைக்கும் மாறியாகிவிட்டது. இவரைத் தினமும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தால், கண் அகாடமி சொல்வது போலக் காத்திருப்பதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. இன்னொருவர் வென்டிலேட்டரில், வயிற்று அறுவைக்குப் பிறகு நரம்பு வழி ஊட்டத்தில், ஐந்து நாளாகக் கல்சர் சுத்தமாகவில்லை, எக்கினோகேண்டின் ஓடுகிறது. இவரிடம் "புகார் இருந்தால் கூப்பிடுங்கள்" என்பது விதி இல்லை, வேடிக்கை. இவருக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

நடைமுறையில் என் கோடு இப்படி ஓடுகிறது: பேச முடியாதவர், கல்சர் பல நாள் நீடித்தவர், எக்கினோகேண்டினிலேயே முழு சிகிச்சையையும் முடிக்கப்போகிறவர், போதை மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்பவர், பச்சிளம் குழந்தை, இவர்களுக்கு எல்லாம் பார்க்க வேண்டும், புகாருக்குக் காத்திருக்கக் கூடாது. மீதி இருப்பது விழித்திருக்கும், நன்றாக ஆறிக்கொண்டிருக்கும் சிறு கூட்டம். கண் மருத்துவர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடலாம், இல்லையென்றால் இதற்காக மட்டும் வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றத் தேவையில்லை.

சரி, "கேட்பது" என்றேனே, அதை எப்படிக் கேட்பது என்பதையும் சொல்ல வேண்டும். "கண் நல்லா தெரியுதா?" என்றால் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள், ஒரு கண் மங்கினால் இன்னொரு கண் சமாளித்துவிடும். ஒரு கண்ணை மூடச் சொல்லி, கையில் இருக்கும் ஏதாவது ஒரு எழுத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும், பிறகு மறு கண். புதிதாகக் கறுப்புப் புள்ளியோ நூலோ மிதக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, வலிக்கிறதா, சிவந்திருக்கிறதா. இதை ஒருநாள் கேட்டு நிறுத்தினால் பயனில்லை, மருந்து முடியும்வரை கேட்க வேண்டும். நடுவில் ஒரு பொறியும் உண்டு: வோரிகோனசோல் தொடங்கிய முதல் நாள்களில் பலருக்கும் கண்ணில் மின்னல் போலவும் நிறம் மாறியும் தெரியும். அது மருந்தின் வேலை, போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் வந்து அடங்கிவிடும். அதைப் பூஞ்சை என்றும் நினைக்கக் கூடாது, "மருந்துதான்" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. ஓரத்தில் இருக்கும் புள்ளி எந்தப் புகாரையும் தராது என்பதும் உண்மை, கேட்பதன் எல்லை அதுதான்.

எப்போது பார்ப்பது என்பதில் அவசரம் உதவாது. கல்சர் வந்த அன்றே பார்த்து "சுத்தம்" என்று எழுதிக்கொண்டால் அது பொய்த் தைரியம், முதல் முறை எதுவும் இல்லாமல் சில நாள் கழித்துப் புள்ளி தோன்றியவர்கள் உண்டு. ஒரே முறைதான் பார்க்க முடியும் என்றால் நான் முதல் வாரத்தின் கடைசிப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பேன், புகார் இருந்தால் மட்டும் அன்றே. புற்றுநோய் மருந்தால் வெள்ளையணுக்கள் விழுந்து கிடப்பவருக்கு வேறு கணக்கு: நாம் பார்க்கும் அந்த வெள்ளைப் பஞ்சில் பெரும்பகுதி வெள்ளையணுக்கள் கூடிச் சண்டை போடுவதுதான், அவையே இல்லாதபோது புள்ளி சரியாகத் தெரியாமல் போகலாம். அதனால் அணுக்கள் ஏறிய ஒரு வாரத்துக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். முன்னால் பார்த்திருந்தாலும் அப்போது திரும்பப் பார்க்க வேண்டும்.

பார்த்ததில் ஏதோ இருக்கிறது என்றால் அடுத்த ஒப்பீடு மருந்தில்.

கேண்டிடா ஃப்ளூகோனசோலுக்குக் கேட்கிறது என்று லேப் சொன்னால் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கண்ணுக்குள் இறங்குகிறது, வாயில் கொடுத்தாலும் கிட்டத்தட்ட முழுதும் உடம்பில் ஏறுகிறது, பழகிய மருந்து. முதல் நாள் 800 மில்லிகிராம், பிறகு தினம் 400 முதல் 800, சிறுநீரகம் பலவீனமென்றால் குறைக்க வேண்டும். கேண்டிடாவிலேயே க்ரூசே வகைக்கு இது இயல்பிலேயே வேலை செய்யாது, க்ளாப்ராட்டா வகையில் நம்ப முடியாது, ஆரிஸ் வகையில் பெரும்பாலும் பயனில்லை. அங்கே வோரிகோனசோல் வரும், க்ரூசேவுக்கு நல்ல தேர்வு. ஆனால் ஃப்ளூகோனசோலை எதிர்க்கும் க்ளாப்ராட்டா பல நேரம் இதையும் எதிர்க்கும், ஒரே குடும்பத்து மருந்துகள்தானே. வோரிகோனசோலை இரத்த அளவு பார்க்காமல் கொடுப்பது இருட்டில் கல்லெறிவது, ஒரே டோஸில் ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு விஷமாகிவிடும்.

இரண்டுமே கேட்கவில்லை என்றால் லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின், கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம், கூடவே ஃப்ளூசைட்டோசின் சேர்த்தோ சேர்க்காமலோ. ஆம்ஃபோடெரிசினும் விட்ரியஸுக்குள் நன்றாக இறங்குவதில்லை, ஃப்ளூசைட்டோசின் இறங்கும். ஜோடியாகக் கொடுப்பதன் அர்த்தம் அதில்தான் இருக்கிறது. முதலாவது சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பதம் பார்க்கும், இரண்டாவது எலும்பு மஜ்ஜையை. நான்கு வாரத்துக்கு மேல் இந்த ஜோடியை ஓட்டுவது யாருக்கும் இன்பமில்லை.

எக்கினோகேண்டினை அன்றே நிறுத்திவிட வேண்டுமா? இரத்தம் இன்னும் சுத்தமாகவில்லை என்றால் நான் அவசரப்பட மாட்டேன். உயிர் முதலில், கண் பிறகு. அதை ஓடவிட்டுக்கொண்டே கண்ணுக்கு இறங்கும் ஒன்றைச் சேர்த்து, இரத்தம் தெளிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

கண்ணுக்குள் நேராக ஊசி போடுவது எப்போது என்றால், மாக்குலாவைத் தொட்டாலோ நெருங்கினாலோ, விட்ரியஸுக்குள் இறங்கினாலோ. ஆம்ஃபோடெரிசின் 5 முதல் 10 மைக்ரோகிராம், அல்லது வோரிகோனசோல் 100 மைக்ரோகிராம், எதுவானாலும் 0.1 மில்லிலிட்டரில். மில்லி இல்லை, மைக்ரோ. நரம்பில் போகும் பாட்டிலிலிருந்து பலமுறை கரைத்துக் கரைத்து இந்த அளவுக்கு வர வேண்டியிருக்கிறது, ஒரு பூஜ்யம் பிசகினால் ஆம்ஃபோடெரிசின் விழித்திரையையே எரித்துவிடும், அதனால் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டிய இடம் இது. வோரிகோனசோல் விழித்திரைக்குச் சாது, ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும். ஆம்ஃபோடெரிசின் தங்கும்.

ஊசியோடு நிற்பதா, விட்ரெக்டமி, அதாவது அந்த ஜெல்லியை அறுவையில் எடுப்பது, செய்வதா என்பது விழித்திரை நிபுணரின் முடிவு, வெளியிலிருந்து வாதாடுவதில் பயனில்லை. ஜெல்லி கலங்கி உள்ளே எதுவும் தெரியவில்லை, ஊசிக்கு அடங்கவில்லை என்றால் அதை வெட்டி எடுப்பதில் இரண்டு லாபம்: பூஞ்சையின் பெரும்பகுதி வெளியே வந்துவிடும், அந்த மாதிரியை லேபுக்கு அனுப்பி எந்த வகை என்று உறுதிசெய்யலாம். நட்டம், விழித்திரை பிரியும் ஆபத்து, அப்புறம் இரத்தத் தொற்றில் கிடக்கும் ஒருவரை அறுவை மேசைக்குக் கொண்டுபோகும் ஆபத்து. ஜெல்லி எடுத்த கண்ணில் பிறகு போடும் மருந்து இன்னும் வேகமாக வடியும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் டிஸ்சார்ஜ் தாளில் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்பேன்: கல்சர் முதலில் சுத்தமான தேதி, மருந்து நிறுத்த வேண்டிய தேதி, கண் பார்த்த தேதியும் அதில் தெரிந்ததும். கண்ணைப் பார்க்கவில்லை என்றால் "பார்க்கவில்லை, தினமும் கேட்டோம், புகார் இல்லை" என்றே எழுதிவிடுங்கள். அந்த இடத்தை வெறுமனே விட்டால், மூன்று வாரம் கழித்து மங்கலாகத் தெரிகிறது என்று வருபவரை வேறொரு மருத்துவர் பார்ப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் பார்க்காமலா இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவார்.